எள்ளளவு நஞ்சு

சென்னைக்குத் தெற்கே உள்ள ஊர்ப்பெயர்களை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். தமிழ்நாட்டு வரலாற்றின் சுருக்கம் ஒன்று கிடைத்துவிடும். பல்லாவரம் என்பது பல்லவர் பெயரைத் தாங்கிய பல்லவபுரம். குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். திருநீர்மலை ஆழ்வார்கள் பாடிய தலம். நான் குடியிருக்கும் திருமுடிவாக்கமும் 'திரு' என்னும் அடையைப் பெற்றே நிற்கின்றது. இவற்றுக்கிடையே ஓர் ஊர் மட்டும் கடவுள் பெயராலோ, மன்னன் பெயராலோ, ஏரியின் பெயராலோ அமையவில்லை; ஓர் உலோகத்தின் பெயரால் அமைந்திருக்கின்றது. அதுவே குரோம்பேட்டை.

மாணவர்களே, அந்த ஒரு பெயரை முன்வைத்து ஒரு கேள்வியை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும். ஒரு பொருள் பெருமளவில் தீங்கு செய்யும் என்பது தெரிகின்றது. சிற்றளவில் தீங்கு செய்யுமா என்பது ஐயமாக இருக்கின்றது. அந்தச் சிற்றளவைப் பிறர் குடிக்கும் நீரில் கலக்க எவருக்கேனும் உரிமை உண்டா? உண்டென்றால் எவ்வளவு? அந்த அளவை வரையறுப்பவர் யார்? வேதியியல் ஆசிரியர் ஒருவரே விடை கூறிவிடக்கூடிய வினாவாக இது முதற்பார்வைக்குத் தோன்றும். உண்மையில் வரலாற்று ஆசிரியனுக்கும் இதில் வேலை இருக்கின்றது. எண்களுக்கும் வரலாறு உண்டு.

குரோமியம் என்னும் தனிமத்தைப் பிரெஞ்சு நாட்டு வேதியியலறிஞர் வொக்லேன் 1797ஆம் ஆண்டில் கண்டறிந்தார். நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் பொட்டாசியம் டைகுரோமேட்டின் செம்மஞ்சள் படிகங்களைக் கண்டவர்களுக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். 1884ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரையில் உலகெங்கும் பெரும்பாலும் மரப்பட்டைகளே தோலைப் பதப்படுத்தின. நம் நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அத்தொழிலின் உயிர்நிலையாக இருந்தன. பட்டையில் பல வாரங்கள் ஊற வேண்டிய தோல், குரோமிய உப்பில் சில நாள்களிலேயே பதமாயிற்று. வெந்நீரையும் ஈரத்தையும் அது நன்கு தாங்கியது.

சென்னை மாகாணத்தில் இம்முறையை அறிமுகப்படுத்தியவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் பேராசிரியர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அரசாங்கத்தின் ஆதரவோடு அவர் சோதனைகள் நடத்தினார். அச்சோதனைகளின் முதல் நோக்கங்களுள் ஒன்று யாதெனில், கவலை இறைக்கும் தோற்பைகளைச் செய்வது! மாடுகள் பின்னும் முன்னும் நடக்க, கிணற்றிலிருந்து நீரை முகந்து வரும் தோற்பை எப்போதும் நனைந்துகொண்டேயிருப்பது. பட்டையில் பதனிட்ட தோல் விரைவில் அழுகிவிடும். குரோம் தோல் நெடுநாள் உழைக்கும். ஆகவே உழவனின் கிணற்றுக்கு உதவவே குரோமியம் இந்நாட்டுக்கு வந்தது என்றால் அது மிகையன்று. பின்னர் அக்கிணறுகளுக்கே என்ன நேர்ந்தது என்பதை மேலே சொல்லப் போகின்றேன்.

1912ஆம் ஆண்டையொட்டிச் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் பல்லாவரத்துக்கு அருகே குரோம் தோல் தொழிற்சாலையை நிறுவினார். அதனைச் சுற்றி எழுந்த குடியிருப்பே குரோம்பேட்டையாயிற்று. பக்கத்தில் நாகல்கேணி, பல்லாவரம், பம்மல் ஆகிய இடங்களிலும் நாளடைவில் தோல் பதனிடும் சாலைகள் பல தோன்றின. 1863ஆம் ஆண்டில் ராபர்ட் புரூஸ் பூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த பல்லாவரம் இதுதான். கல்லைக் கொண்டு தோலைச் சுரண்டிய மனிதன் வாழ்ந்த நிலத்திலேயே குரோமியம் கொண்டு தோலைப் பதனிடும் தொழிலும் வந்து சேர்ந்தது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

குரோமியத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. மூவிணைதிறன் கொண்ட குரோமியம் ஒன்று. அறுவிணைதிறன் கொண்டது மற்றொன்று. தோலில் சென்று தங்குவது மூவிணை வகை. அதன் தீமை குறைவு என்பது அறிவியலாரின் பொதுக்கருத்து. அறுவிணை வகையோ கொடியது. அதன் தூசியும் ஆவியும் தொழிலாளரின் தோலில் ஆழமான புண்களை உண்டாக்கும். மூக்கின் நடுச்சுவரைத் துளைக்கும். நுரையீரலிற் புற்றுநோயை விளைவிக்கும். 1990ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. இவை பெருமளவால் வரும் கேடுகள். இவற்றைப் பற்றி எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வழக்கெல்லாம் சிற்றளவைப் பற்றியதே.

குடிநீரில் 1 லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியம் இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் வரம்பு. நம் புறநகர் வீடுகளில் வாங்கும் 20 லிட்டர்க் கேனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேன் நீரில் 1 மில்லிகிராம். ஓர் எள்ளின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இந்த எண் எங்கிருந்து வந்தது? 1946ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அறுவிணைக் குரோமியத்துக்கு இதே எண்ணை விதித்தது. அன்றிருந்த கருவிகளால் அளந்தறியக்கூடிய மிகக் குறைந்த அளவு அதுவாக இருந்தமையே காரணம். 1958ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் அதனையே ஏற்றது. அதாவது, மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று ஆராய்ந்து கண்ட எண்ணாக அது பிறக்கவில்லை. கருவியின் கண் எவ்வளவு காணும் என்பதைச் சொன்ன எண் அது. பிற்காலத்தில் அந்த எண்ணுக்கு வேறு காரணங்கள் கற்பிக்கப்பட்டன. எண் மட்டும் மாறவில்லை.

அமெரிக்க மத்திய அரசோ, மொத்தக் குரோமியத்துக்கு 1991ஆம் ஆண்டில் 0.1 மில்லிகிராம் என வரம்பை இருமடங்காக உயர்த்தியது. ஒரே உலோகம், ஒரே மனித உடல், ஆனால் கடல் கடந்தால் எண் வேறாகிவிடுகின்றது. மாணவர்கள் இதைக் கண்டு அறிவியலையே பழிக்க வேண்டா. பாதுகாப்பு வரம்பு என்பது அறிவியலும், அளவுக் கருவியும், செலவும், ஒரு சமுதாயம் எதைப் பொறுத்துக்கொள்ளச் சம்மதிக்கின்றது என்பதும் சேர்ந்து பிறந்த குழந்தை. இந்த நான்கில் முதலாவதை மட்டும் வெளியே காட்டி மற்ற மூன்றையும் மறைப்பதுதான் எனக்குக் குற்றமாகப் படுகின்றது.

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது நம் பழமொழி. ஐரோப்பாவில் பாரசெல்சஸ் என்னும் மருத்துவர் பதினாறாம் நூற்றாண்டில் ஏறத்தாழ இக்கருத்தையே கூறினார். இதனைத் திருப்பிப்போட்டு, 'அளவுக்கு மிஞ்சாவிட்டால் நஞ்சும் அமிர்தம்' என்று சொல்வோரும் உளர். பழமொழி அப்படிச் சொல்லவில்லை. சில பொருள்களுக்கு ஒரு வாசற்படி உண்டு. அதற்குக் கீழே உடல் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். உப்பும் இரும்புச்சத்தும் அவ்வகையின. வேறு சில பொருள்களுக்கு அத்தகைய படியே இல்லையென அஞ்ச இடமுண்டு. ஈயம் அதற்குச் சான்று.

1920களில் அமெரிக்காவில் பெட்ரோலில் ஈயத்தைச் சேர்க்கத் தொடங்கினர். 1925ஆம் ஆண்டில் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் யாண்டெல் ஹெண்டர்சன், ஆலிஸ் ஹாமில்டன் போன்றோர் இதனை எதிர்த்தனர். ஈயத் தொழிலின் பக்கம் நின்ற ராபர்ட் கெஹோ என்னும் மருத்துவ அறிஞரின் வாதம் இது: தீங்கு நேர்ந்ததை மெய்ப்பித்துக் காட்டுங்கள், காட்டினால் நிறுத்துகின்றோம், காட்டும்வரை நிறுத்தமாட்டோம். கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும் வாதம். ஆனால் மெய்ப்பிக்கும் பொருட்டு ஒரு தலைமுறைக் குழந்தைகள் ஈயத்தை மூச்சில் இழுத்தாக வேண்டும் என்பது அதனுள்ளே அடங்கிக் கிடந்தது. 1965ஆம் ஆண்டில் கிளேர் பேட்டர்சன் என்னும் புவி வேதியியலறிஞர், மக்கள் உடலில் வழக்கமாகக் காணப்படும் ஈயத்தின் அளவு இயற்கையான அளவு ஆகாது என்று எடுத்துக் காட்டினார். எல்லாருக்கும் உள்ளது என்பதாலேயே ஒன்று நலமானதாகிவிடாது அன்றோ!

பின்னர் நிகழ்ந்ததை எண்களே சொல்லும். குழந்தையின் இரத்தத்தில் 1 டெசிலிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் ஈயம் இருந்தால் கவலைப்பட வேண்டும் என்று அமெரிக்க அதிகாரிகள் கூறிய அளவு 1960களில் 60. அது 1975இல் 30 ஆயிற்று, 1985இல் 25, 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5. குழந்தைகளின் உடல் இந்த அறுபது ஆண்டுகளில் மாறவில்லை. நம் அறிவு மட்டுமே மெல்ல மெல்லக் கீழே இறங்கி வந்தது. 1960களில் 40 அளவு கொண்டிருந்த குழந்தையின் தாய்க்கு 'அஞ்ச வேண்டா' என்று கூறிய மருத்துவர் பொய்யரல்லர். அன்றைய எண்ணை அவர் நம்பினார். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில்தான் முற்றிலும் நீக்கப்பெற்றது.

இனி நம் நாட்டுத் தோல் தொழிலுக்கு மீள்வோம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு, திருச்சி, பல்லாவரம் ஆகிய இடங்களிலெல்லாம் தோல் பதனிடும் சாலைகள் பெருகின. வெளிநாட்டுச் செலாவணி ஈட்டும் தொழில் என்று அரசாங்கமும் ஊக்கியது. 1 கிலோகிராம் தோலைப் பதனிட ஏறத்தாழ 40 லிட்டர் கழிவுநீர் வெளியாகின்றது. தொட்டியிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து ஏரிக்கும் ஆற்றுக்கும் அது சென்றது.

இங்கே வரம்பு பற்றிய ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கழிவுநீரில் 1 லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை மொத்தக் குரோமியத்தை விதி அனுமதிக்கின்றது. இது குடிநீர் வரம்பைப்போல் 40 மடங்கு. எங்ஙனம் பொருந்தும்? ஆறு ஓடிக்கொண்டிருக்கும், கழிவு அதில் கலந்து நீர்த்துப்போகும் என்னும் எண்ணமே அடிப்படை. இவ்வெண்ணம் இங்கிலாந்தில் முளைத்தது. கழிவுநீர் பற்றிய அரசக் குழு 1912ஆம் ஆண்டில், அதாவது குரோம்பேட்டைத் தொழிற்சாலை எழுந்த அதே காலத்தில், தன் எட்டாம் அறிக்கையில் கழிவுநீருக்குத் தர அளவு கூறியது. ஆற்றுநீர் கழிவைப்போல் குறைந்தது 8 மடங்கேனும் இருக்க வேண்டும் என்பதையும் அக்குழு சேர்த்தே கூறியது. தேம்ஸ் நதிக்கு இது சரி. ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாற்றில் எட்டு மடங்கு நீருக்கு எங்கே போவது? செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாக வந்து திருநீர்மலைக்கு அருகே அடையாற்றோடு கூடுகின்றது. மழைக்காலத்தில் வெள்ள எச்சரிக்கை விடுக்கப்பெறும் அக்கால்வாய் சித்திரையில் எப்படியிருக்கும் என்பதை எங்கள் ஊர்ச் சிறுவனும் அறிவான். ஆறு ஓடும் நாட்டில் பிறந்த கருத்து, ஆறு வறளும் நாட்டுக்கு வந்து விதியாகிவிட்டது.

இன்னொன்றையும் நேர்மையுடன் சொல்ல வேண்டும். குரோமியத்தின் பெயர்தான் அச்சத்தை ஊட்டுகின்றது. ஆனால் வயல்களைப் பெரிதும் கெடுத்தது சமையலறையில் நாம் பயன்படுத்தும் உப்பே. பச்சைத் தோல் அழுகாதிருக்க அதன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு உப்பு தூவுகின்றனர். அந்த உப்பில் பெரும்பகுதி கழுவப்பட்டு நிலத்துக்குச் செல்கின்றது. ஆவாரம்பட்டையில் பதனிட்டாலும் இதே நிலைதான். பழைய முறைகளெல்லாம் தூயவை என்று எண்ணி மகிழ்வோர் இதனை மறந்துவிடுகின்றனர். உப்பைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. ஆதலின் அதனைத் தடுக்க எவரும் விரையவுமில்லை.

1991ஆம் ஆண்டில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கில் வெளியான செய்திகள் திகைக்க வைப்பவை. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாதுபோயிற்று என்று கணக்கிடப்பெற்றது. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் ஆராயப்பெற்ற 467 கிணறுகளுள் 350 கெட்டிருந்தன. கவலை இறைத்த கிணறுகள் இவை என்பதை மறந்துவிடாதீர்கள். பழைய செங்கை மாவட்டத்துத் தோல் சாலைகளும், அதாவது எங்கள் பக்கத்துப் பல்லாவரமும், அவ்வழக்கில் அடங்கியிருந்தன.

1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மூவர் ஆயம் தீர்ப்பளித்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பெற்றது. தண்டத்தைவிடப் பெரிது அத்தீர்ப்பு நாட்டிய நெறி. அறிவியல் முழு உறுதி கூறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மீளாக் கேடு வரும் அச்சம் இருப்பின் முன்னெச்சரிக்கையாகத் தடுக்க வேண்டும். தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துவோனையே சாரும். கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும். கெஹோவின் வாதத்தை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்த நெறி இது. அவர் கூறியது, 'நீ தீங்கைக் காட்டு' என்பது. நீதிமன்றம் கூறியது, 'நீ தீங்கின்மையைக் காட்டு' என்பது. நான் இரண்டாவதன் பக்கம் நிற்கின்றேன். காரணம் எளியது. கெட்ட நீரைக் குடிப்பவன் அதற்குச் சம்மதம் தரவில்லை. இலாபத்திலும் அவனுக்குப் பங்கில்லை. ஆய்வுக்கூடம் வைத்து மெய்ப்பிக்கும் ஆற்றலும் அவனிடம் இல்லை.

எனினும் மறுபக்கத்தையும் கேட்காமல் நகர்வது முறையன்று. தீங்கின்மையை முற்றிலும் மெய்ப்பிப்பது எவராலும் இயலாத செயல். 2008ஆம் ஆண்டில் அமெரிக்க நச்சியல் திட்டம் வெளியிட்ட ஆய்வில், குடிநீரில் அறுவிணைக் குரோமியத்தை மிகுதியாகக் கலந்து கொடுத்தபோது எலிகளின் வாயிலும் சுண்டெலிகளின் சிறுகுடலிலும் கட்டிகள் உண்டாயின. எலிக்குக் கொடுத்த பெருமளவிலிருந்து மனிதன் குடிக்கும் சிற்றளவுக்குக் கோடு வரைய வேண்டும். நேர்கோடாக வரைந்தால் எவ்வளவு குறைந்த அளவும் ஓரளவு தீங்கு தரும் என்றாகும். வயிற்றிலுள்ள அமிலம் சிற்றளவு அறுவிணைக் குரோமியத்தை மூவிணையாக மாற்றிவிடும், ஆகவே கோடு கீழே வளைந்துவிடும் என்று வேறு அறிஞர் கூறுகின்றனர். கலிபோர்னியா மாநிலம் நேர்கோட்டையே கொண்டு, உடல்நல நோக்கு ஒன்றை மட்டும் கருதி, 2011ஆம் ஆண்டில் நூறு கோடியில் 0.02 பங்கு என்று ஓர் இலக்கைக் கூறியது. ஆனால் சட்டப்படி விதித்த வரம்போ நூறு கோடியில் 10 பங்கு. இலக்குக்கும் சட்டத்துக்கும் இடையே 500 மடங்கு! அந்த 10 என்னும் வரம்பும் 2014இல் வந்து, செலவைத் தக்கவாறு ஆராயவில்லை என்று 2017இல் நீதிமன்றத்தால் நீக்கப்பெற்று, 2024இல்தான் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

இதனைக் கேட்டுச் சிலர் நகைக்கலாம். எனக்கு இதில் ஒரு பாராட்டத்தக்க நேர்மை தெரிகின்றது. உடல்நலம் கேட்பது இது, பணம் அனுமதிப்பது இது என்று இரண்டு எண்களையும் அவர்கள் தனித்தனியே எழுதி வைத்தனர். நம் நாட்டிலும் பிற நாடுகள் பலவற்றிலும் ஒரே எண் எழுதப்படுகின்றது. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் 'பாதுகாப்பானது' என்னும் ஒரே சொல்லால் மூடப்படுகின்றது. செலவைக் கருதுவது அறமன்று என்று நான் சொல்லவில்லை. தோல் தொழிலை நம்பிப் பல ஆயிரம் குடும்பங்கள் உண்கின்றன. காலணிச் சாலைகளில் உழைப்போரில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள். ஒரே நாளில் கதவை அடைத்தால் அவர்கள் அடுப்பு அணையும். சென்னையில் 1948ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் குரோமியத்தை மீட்டெடுத்து மறுபடியும் பயன்படுத்தும் முறைகளை வகுத்தளித்தது. பல்லாவரம் உள்ளிட்ட ஊர்களில் சிறு சாலைகள் ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்துக்கொண்டன. தொழிலும் வாழ, நீரும் வாழ வழி தேடிய முயற்சிகள் இவை. ஆனால் செலவைக் கருதி ஒரு வரம்பைத் தளர்த்தும்போது, எவருடைய செலவு, எவருடைய உடல் என்று பெயர் சொல்லிக் கூற வேண்டும். நூறாயிரம் பேரில் ஒருவருக்குத் தீங்கு என்னும்போது அந்த ஒருவருக்கு முகம் இல்லை. ஆகையால் அவரை மறப்பது எளிதாயிருக்கின்றது.

தீர்ப்பின்படி அமைக்கப்பெற்ற ஆணையம் 2001ஆம் ஆண்டில் கணக்கிட்டு முடித்தது. பாதிக்கப்பட்டோர் 29,193 பேர், பொறுப்பான தோல் சாலைகள் 547, இழப்பீடு 26.82 கோடி ரூபாய். சராசரியாகப் பங்கிட்டால் ஒருவருக்கு ஏறத்தாழ 9,200 ரூபாய் வரும். நிலத்தின் விளைச்சல் குறைந்ததைப் பட்டா வைத்திருப்பவன் மரக்கால் கொண்டு அளந்து காட்டலாம். நிலமில்லாமல் கூலிக்கு வந்து அதே கிணற்று நீரைக் குடித்தவள் தன் உடலில் புகுந்த எள்ளளவை எதைக் கொண்டு அளப்பாள்?

அந்த இழப்பீடும் முழுவதும் போய்ச் சேரவில்லை. 2025ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இவ்வழக்கை எடுத்துரைத்து, எஞ்சியவர்களுக்கு உரிய தொகையை ஆறு வாரங்களுக்குள் கொடுக்குமாறு ஆணையிட நேர்ந்தது. வழக்குத் தொடுத்த ஆண்டில் பிறந்த குழந்தை அன்று 33 வயதை எட்டியிருக்கும். இராணிப்பேட்டையில், தோல் சாலைகளுக்கு வேண்டிய குரோமிய உப்பைத் தயாரித்துவந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம் 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். அதிலிருப்பது அறுவிணை வகை. ஆண்டுதோறும் அதன்மீது பெய்யும் மழைநீர் மஞ்சள் நிறமாகக் கீழே இறங்கிற்று. எவருடைய கிணற்றில் அது எவ்வளவு சேர்ந்தது என்பதைக் கண்டறிய அறிஞர்கள் வந்து நீரெடுத்துச் சென்றவண்ணம் இருந்தனர்.